ஹோமோல்கா குடும்பத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பிராக் நகரவாசிகள் ஓய்வுநாளைக் கழிக்கக் காட்டுக்கு வந்திருக்கின்றனர். உணவு, பியர், அரட்டை. திடீரென மரங்களுக்கிடையிலிருந்து ஒரு பெண்ணின் அபயக்குரல் கேட்கிறது. அத்தனை பேரும் ஓடுகிறார்கள், குரல் வந்த திசைக்கு எதிர்த்திசையில். அவ்வாறு ஓடி வீடு சேரும் குடும்பங்களுள் ஒன்றே ஹோமோல்கா குடும்பம்.

'எக்கே ஹோமோ ஹோமோல்கா' என்ற இந்தச் செக் நகைச்சுவைப் படம் 1969இல் எடுக்கப்பட்டது. இயக்கியவர் யாரோஸ்லாவ் பப்பௌஷெக். சிற்பமும் ஓவியமும் பயின்று எழுத்துக்கு வந்தவர். மிலோஷ் போர்மனின் புகழ்பெற்ற செக் படங்களின் திரைக்கதையில் பங்கேற்றவர். தலைப்பின் இலத்தீன் சொற்கள், முள்முடி சூட்டப்பட்ட இயேசுவை மக்கள்முன் நிறுத்திப் பிலாத்து சொன்னவை: 'இதோ, மனிதன்!'

பாட்டனார், பாட்டி, மகன் லுட்வா, மருமகள் ஹெதுஷ், இரட்டைப் பேரப்பிள்ளைகள் ஆகிய அறுவரும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். லுட்வாவுக்கு உதைபந்தாட்டம் பார்க்க ஆசை, ஹெதுஷுக்குக் குதிரைப்பந்தயம். பிற்பகல் முழுவதும் இந்தப் பிணக்கிலேயே கழிகிறது. நெடுங்காலத் தாம்பத்தியத்தில் பழைய மனக்குறைகள் எவ்வாறு வட்டியுடன் வளர்கின்றன என்பதை முதியவர்கள் இருவரும் காட்டிவிடுகின்றனர். பாட்டனாராக வரும் யோசெப் செபானெக் தொழில்முறை நடிகரல்லர். ஆயினும் என் கண்ணுக்குப் படத்தைத் தாங்குபவர் அவரே.

காலத்தைக் கவனியுங்கள். 1968 ஓகஸ்ட் 21இல் வார்சோ ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லவாக்கியாவுக்குள் புகுந்தன. 1969 ஜனவரியில் மாணவன் யான் பலாக் பிராக் வீதியில் தீக்குளித்தான். ஏப்ரலில் டுப்செக் அகற்றப்பட்டு, குஸ்தாவ் ஹுசாக் கட்சித் தலைமைக்கு வந்தார். (லுட்வாவாக நடித்தவரின் பெயரும் ஹுசாக்! வெறும் பெயரொற்றுமைதான்.) அபயக்குரலைக் கேட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்ட குடும்பத்தை அவ்வேளையில் பார்த்த செக் மக்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது.

அதே ஆண்டில் ஜிரி மென்சல் எடுத்த 'நூலில் வானம்பாடிகள்' முடக்கப்பட்டு, 1990இல்தான் வெளிவந்து பெர்லினில் தங்கக்கரடி விருதைப் பெற்றது. ஹோமோல்காவோ திரைக்கு வந்து மக்களைச் சிரிக்கவைத்தது. 1970இலும் 1972இலும் தொடர்ச்சிப் படங்களையும் ஈன்றது. மாமியார் மருமகள் சண்டையில் அரசியல் இருக்கக்கூடுமெனத் தணிக்கையாளர் எண்ணவில்லைப் போலும். அல்லது, வீட்டுக்குள் முடங்கிய குடிமக்களே அப்புதிய ஆட்சிக்கும் வசதியாக இருந்தார்களோ? இரண்டாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

குறும்பு செய்துகொண்டு வீடெங்கும் திரியும் அந்த இரட்டையர் பீட்டரும் மத்தேயும் மிலோஷ் போர்மனின் புதல்வர்கள். படையெடுப்பின்போது போர்மன் பாரிஸில் இருந்தார். பின்னர் அவர் அமெரிக்கா செல்ல, மனைவியும் பிள்ளைகளும் பிராக்கில் வாழ்ந்தனர். தந்தை கடல்கடந்துபோன காலத்தில், அவருடைய பழைய தோழரின் படக்கருவிக்கு முன்னால் அந்தச் சிறுவர்கள் இன்னொரு குடும்பத்தின் பிள்ளைகளாக விளையாடினர். 1983இல் 'அமடேயஸ்' படப்பிடிப்புக்காக, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராகப் போர்மன் பிராக் வந்தபோது அவர்கள் இளைஞர்களாகிவிட்டிருந்தனர்.