பாறையோரம் நிற்பதும் இருக்கையில் அமர்வதும்

மோட்டார் சைக்கிள் டிரையல் போட்டியில் யாரும் யாரையும் முந்துவதில்லை. பாறை, வேர், ஓடை, சேறு என்று அமைந்த குறுகிய தடைப்பகுதியைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் ஒரு தண்டப்புள்ளி, இருமுறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ ஐந்து. குறைந்த தண்டம் பெற்றவருக்கே வெற்றி. இந்த விளையாட்டைப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டு பெரிய இடங்கள் உண்டு. ஒன்று, ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் ஊரைச் சுற்றிய மலைகளில் மே மாதம் நடக்கும் ஆறு நாள் டிரையல். மற்றொன்று, பார்சிலோனாவில் மொன்ஜூயிக் குன்றின் மீதுள்ள பலாவ் சாண்ட் ஜோர்டி அரங்கின் உள்ளரங்கப் போட்டி. விதி ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், பார்வையாளரிடம் இரண்டும் கேட்பது வேறு வேறு.

ஸ்காட்லாந்துப் போட்டி 1909இல் ஐந்து நாள் ஓட்டமாகத் தொடங்கி 1911இல் ஆறு நாளானது. ஏறக்குறைய 280 பேர் ஓட்டுகிறார்கள். விண்ணப்பிப்போர் அதிகம் என்பதால் குலுக்கலில்தான் இடம். நாளொன்றுக்குச் சுமார் 30 தடைப்பகுதிகள். அவற்றுக்கிடையே சதுப்பும் மேய்ச்சல் நிலமும் தார்ச்சாலையுமாக நெடுந்தொலைவு ஓட்ட வேண்டும். பார்வையாளருக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. வரைபடத்தைப் பார்த்து ஏதாவதொரு தடைப்பகுதியைத் தேர்ந்துகொண்டு, ரப்பர் பூட்ஸ் போட்டு நடந்து ஏறிப் போக வேண்டியதுதான். மழை வந்தால் நனைய வேண்டும்.

கின்லாக்லெவன் ஊருக்கு மேலே ‘பைப்லைன்’ என்றொரு புகழ்பெற்ற தடைப்பகுதி இருக்கிறது. பிளாக்வாட்டர் நீர்த்தேக்கத்திலிருந்து ஊரில் முன்பு இயங்கிய அலுமினிய ஆலைக்கு நீர் கொண்டுவரப் பதித்த பெருங்குழாய்களை ஒட்டிய செங்குத்துச் சரிவு அது. அங்கே ஒரு காலைப்பொழுது நின்றால் போதும், பார்ப்பவர் கண்ணுக்குப் பயிற்சி கிடைத்துவிடும். ஒவ்வொருவரும் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாறையை ஆராய்கிறார்கள்: முன்சக்கரத்தை எங்கே வைப்பது, எந்தக் கல் ஆடுகிறது, பிடிமானம் எங்கே முடிகிறது. பிறகு ஒருவர் பின் ஒருவராக ஏறுகிறார்கள். இருபதாவது ஆள் வருவதற்குள், நடுவர் கையைப் பார்க்காமலே தண்டம் என்னவென்று நமக்குத் தெரிகிறது. ஐம்பதாவது ஆளுக்குள் வழியே மாறிவிடுகிறது. ஈரப்பாசி தேய்ந்து, சிறுகற்கள் புரண்டு, காலையில் எளிதாக இருந்த வளைவு கடினமாகிறது.

எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இன்னொன்று. உலகத் தரத்து வீரர் ஒருவர் ஏறிய அதே சரிவில், அடுத்த சில நிமிடங்களில் ஐம்பது வயது தாண்டிய ஒரு மெக்கானிக் ஏறுகிறார். முன்னவருக்கு எதுவுமே நடக்காததுபோலக் கடந்துபோன படி, பின்னவருக்கு மூன்று தண்டம். முன்னவரின் திறமை எவ்வளவு என்பதைப் பின்னவரின் கால்தான் நமக்கு அளந்து காட்டுகிறது. வேறு எந்த மோட்டார் விளையாட்டிலும் இந்த அளவுகோல் பார்வையாளருக்கு இவ்வளவு அருகில் கிடைப்பதாகத் தோன்றவில்லை.

பார்சிலோனாவில் இது கிடையாது. அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க வீரர்கள் மட்டுமே போட்டியிடுகிறார்கள். 1978 முதல் இந்த நகரில் உள்ளரங்கப் போட்டி நடந்துவருகிறது. சாண்ட் ஜோர்டி அரங்கோ 1992 ஒலிம்பிக்கிற்காக ஜப்பானியக் கட்டடக் கலைஞர் அராட்டா இசோசாகி வடிவமைத்தது. கான்கிரீட் கட்டைகள், மரத்தடிகள், இரும்புச் சட்டங்கள் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து அடுக்கித் தடைகளைக் கட்டுகிறார்கள். ஒரே இருக்கையிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். இசை, விளக்கு, அறிவிப்பாளரின் குரல். யார் முன்னிலை என்பது ஒவ்வொரு கணமும் திரையில் தெரியும். மலையிலோ அன்றைய முன்னிலை யாருக்கு என்று அறியாமலே வீடு திரும்பலாம்.

அரங்கத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இருக்கையே இல்லாத, சுமார் 70 கிலோ எடையுள்ள வண்டி, ஆள் உயரத்தை மிஞ்சிய செங்குத்துச் சுவரின் மேல் தாவி நிற்பதை வெகு அருகில் காண்பது மெய்சிலிர்க்க வைக்கும். பின்சக்கரத்தை மட்டும் ஊன்றி, பிரேக்கும் கிளட்சும் பிடித்த விரல்களாலேயே உடலைச் சமன் செய்து அடுத்த தாவலுக்குக் காத்திருக்கும் அந்த ஓரிரு விநாடிகளில், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து மூச்சடக்குகிறார்கள். கட்டலோனியாவின் பியேரா ஊரில் பிறந்த டோனி போவ் 2007 முதல் 2024 வரை ஓராண்டுகூடத் தவறாமல் உள்ளரங்கு, வெளிக்களம் இரண்டிலும் உலகப் பட்டம் வென்றவர். அவர் சொந்த மண்ணில் ஓட்டுவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கீழே கைநீட்டி நிற்கும் உதவியாளரையும் கவனிக்க வேண்டும். வீரர் தவறினால் வண்டியைப் பிடிக்க ஓடுபவர் அவர்தான்.

ஆனால் அரங்கில் தடை புதிது, ஒரே இரவுக்கானது. எட்டுப் பேர் கடந்ததும் அது முடிந்தது. கல் தேய்வதையும் ஈரம் மாறுவதையும் படித்தறியும் வேலை பார்ப்பவருக்கு இல்லை. வியப்பது மட்டுமே மிஞ்சுகிறது. எல்லோருமே அசாத்தியமானவர்கள் என்பதால், முதன்முறை பார்க்க வந்தவருக்கு அசாத்தியம் எது என்றே பிடிபடுவதில்லை.

இவ்விரண்டையும் பகையாளிகளாக நிறுத்தவும் கூடாது. பாரமான ஏரியல் வண்டியில் ஸ்காட்லாந்தில் வென்றுவந்த சாமி மில்லரை 1964இல் பார்சிலோனாவின் புல்டாக்கோ நிறுவனம் அழைத்தது. அவர் துணையோடு உருவான இலகுவான ‘ஷெர்பா டி’ வண்டி, அடுத்த ஆண்டே அந்த ஆறு நாள் போட்டியில் அவருக்கு வெற்றி தந்தது. அதன்பின் கட்டலோனியாவில் இந்த விளையாட்டு பெருகிற்று; வண்டி இலகுவாக இலகுவாகத் தாவல் உயர்ந்தது. அரங்கின் செங்குத்துச் சுவருக்கு ஸ்காட்லாந்துப் பாறையோடு உறவு உண்டு.

ஆகவே டிரையலை முதன்முறை பார்க்கப் போகிறவருக்கு நான் மலையைத்தான் சொல்வேன். ஒரு நாளில் நான்கைந்து இடங்களுக்கு ஓடாமல், ஒரே தடைப்பகுதியில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை நிற்கட்டும். பார்சிலோனாச் சீட்டை அதற்குப் பிறகு வாங்கினால், போவ் சுவரேறும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.