பெரட்டுக்கு எழ முடியாதவர்கள்

"ஒழுங்கா இல்லேன்னா தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவேன்!" மலேசியாவின் பேராக் தோட்டங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் இந்த மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. ஊர் என்ன பாவம் செய்தது? ஈப்போவுக்கு வடக்கே ரயில் பாதையோரத்துச் சின்னப் பட்டணம். 1911-இல் வெள்ளைக்காரன் கூட்டு மலாய் மாநிலங்களுக்கான மனநோய்க் காப்பகத்தை அங்கே திறந்தான். ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. 1928-இல் மத்திய மனநோய் மருத்துவமனை என்றார்கள். 1971-இல் பஹாகியா மருத்துவமனை என்றார்கள். பலகை மாறியதே தவிர, எங்கள் வாய் மாறவில்லை.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் டிரசர், அதாவது மருத்துவ உதவியாளர். அவருடைய அலமாரியில் கொய்னா மாத்திரை, அயோடின், பேதி மருந்து, இருமல் மிக்சர் எல்லாம் இருக்கும். பிள்ளை பெற்ற பிறகு பெரட்டுக்கு, அதாவது விடியற்காலைப் பெயர் கூப்பிடலுக்கு, எழ முடியாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த பெண்ணுக்குக் கொடுக்க அதில் ஒன்றும் இல்லை. தொழிலாளர் லயத்தில் அதைக் காத்துக் கருப்பு என்று சொல்லிப் பூசாரியிடம் கூட்டிப் போனார்கள். கங்காணி சோம்பல் என்றார். அன்றைய பேர் விழவில்லை, கூலியும் இல்லை. அதே பாரம் ஆணுக்கு வந்தால் கள்ளுக்கடைக்குப் போனான், குடிகாரன் என்று பெயர் வாங்கினான்.

அப்பாவால் செய்ய முடிந்தது பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுவது. கத்தியவருக்கும் கத்தி எடுத்தவருக்கும்தான் அந்தச் சீட்டு கிடைத்தது. சத்தமில்லாமல் வாடியவர்களுக்காக யாரும் கேட்கவில்லை. ஆகவே காப்பகங்களின் வரலாற்றை எவ்வளவு புரட்டினாலும் தோட்டத்து மனச்சோர்வின் வரலாறு அதில் அகப்படாது என்பது என் எண்ணம்.

சீட்டு கிடைக்காதவர்களுக்கும் பயம் மட்டும் மிச்சமிருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை நோயாளிகள் பலர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். அப்புறம் 'கரண்ட் வைக்கிறது'. 1938-இல் ரோமாபுரியில் செர்லெட்டியும் பினியும் தொடங்கிய மின் அதிர்ச்சிச் சிகிச்சையை ஆரம்பக் காலத்தில் உலகெங்கும் மயக்க மருந்தில்லாமலே கொடுத்தார்கள். இன்று மயக்கம் கொடுத்து, தசையைத் தளர்த்தித்தான் செய்கிறார்கள். கடுமையான மனச்சோர்வுக்கு அது இன்னமும் பலமான மருந்து. அதைச் சொன்னால் நம்ப ஆள் இல்லை.

ஈப்போவின் புந்தோங்கில் இருக்கும் என் தம்பி மகளுக்கு, மனச்சோர்வு மருந்துகள் மாற்றியும் சரிப்படாமல் டாக்டர் காந்தச் சிகிச்சை பற்றிப் பேசினார். அவள் கேட்ட முதல் கேள்வி: "கரண்ட் வைப்பாங்களா பெரியப்பா?"

இல்லை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவர் குழுவினரும் தலைக்கு வெளியே ஒரு சுருளை வைத்து, காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். மனச்சோர்வுக்கு அமெரிக்கா இதை 2008-இல் அனுமதித்தது. மயக்கம் கிடையாது, வலிப்பை உண்டாக்குவதும் கிடையாது. நாற்காலியில் விழித்தபடி உட்கார வேண்டும், காதில் அடைப்பு. முதல் நாள் எவ்வளவு விசையில் கட்டைவிரல் துள்ளுகிறது என்று பார்த்து அளவை முடிவு செய்வார்கள். பிறகு பெரும்பாலும் இடது முன்நெற்றிப் பக்கம் 'டக் டக்'கென்று மரங்கொத்தி கொத்துவது போல இருக்கும். முறையைப் பொறுத்துச் சில நிமிடமோ, அரை மணிக்கு மேலோ ஆகலாம். முடிந்ததும் சாதாரணமாக வீட்டுக்குப் போகலாம். தலைவலியும் தோல் எரிச்சலும் சிலருக்கு வரும். வலிப்பு மிக அரிது. இரண்டு வாரம் மாற்றம் ஒன்றும் தெரியாமலிருந்து பிறகு தேறியவர்களும் உண்டு, கடைசிவரை பலன் காணாதவர்களும் உண்டு.

கஷ்டம் சுருளில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம். அந்த வசதியோ பெருநகரங்களின் சில மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபின் தொழிற்சாலை ஷிஃப்டுக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு எந்த முதலாளி அத்தனை நாள் லீவு தருவான்? பெரட்டுக் காலத்துப் பிரச்சினையேதான். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நீக்கவே நம் நாடாளுமன்றத்துக்கு 2023 வரை ஆகியிருக்கிறது. தொழிலாளியின் மனத்துக்கு விடுப்பு எப்போது வருமோ!

டாக்டர் காந்தச் சிகிச்சையைச் சொன்னால், தலைக்குள் உலோகத் துண்டோ காதுக்குள் பொருத்திய கருவியோ இருந்தாலும், முன்பு வலிப்பு வந்திருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பிடுகிற மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.