ஒரு ரிவால்வர், ஆறு தோட்டா

தற்காப்புக்கு எந்தத் துப்பாக்கி நல்லது? இன்று மலேசியாவில் இப்படி யோசிக்கும் சாதாரண ஆள் அபூர்வம். 1948இல் ரப்பர் தோட்டத்துத் துரைமார்களுக்கு இது அன்றாடக் கேள்வி.

அந்த ஜூன் 16 காலை சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். பங்களாவைச் சுற்றி முள்வேலி, மணல் மூட்டை. துரை இடுப்பில் ரிவால்வர், வீட்டுக்குள் ஸ்டென். துரைசாணிகளும் சுடப் பழகினார்கள். ஸ்டென் கைதவறி விழுந்தாலே வெடிக்கக்கூடிய ரகம். ரிவால்வர் அப்படியில்லை, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பொறியியல் படித்தவனுக்கு இந்த எளிமை பிடிக்கத்தான் செய்கிறது.

லயத்தில் இருந்தவர்களுக்கு? விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள் கையில் இருந்தது வெட்டுக்கத்திதான். காட்டிலிருந்து வந்தவர்கள் அடையாள அட்டையைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு.

அந்தச் சட்டத்தில்தான் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி மாட்டினார். அவரிடம் இருந்தது ஒரு ரிவால்வர், ஆறு தோட்டா. பெரும்பாலான ரிவால்வர்களில் ஒருமுறை நிரப்பும் அளவு அது. அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று இன்றும் வாதாடலாம். தீர்ப்பு அதற்கு இல்லை; யாரையும் சுட்டதற்கும் இல்லை. துப்பாக்கி வைத்திருந்ததற்கு. இந்திய அரசு கருணை கேட்டுப் பார்த்தது. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

முதல் நாள்தான் அவருடைய சங்கத் தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்.