வேலூரின் ஆகஸ்டுத் தேர்தல்

வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர்களைப் போன்று விசித்திரமானதொரு நிலையில் வாக்களித்தவர்கள் சுதந்திர இந்தியாவில் அதிகம் இல்லை. நாட்டை ஆளப்போவது யார் என்பது முடிவாகி, அமைச்சரவை பதவியேற்று இரண்டு மாதங்கள் கடந்தபின், 2019 ஆகஸ்டு 5ஆம் நாள் அவர்கள் வாக்குச் சாவடிகளுக்குச் சென்றார்கள். அன்று அவர்கள் அளித்த தீர்ப்பைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதிவிட்டனர். ‘முஸ்லிம்கள் தீர்மானித்த தேர்தல்’ என்று ஒரே வரியில் முடித்தவர்களே அதிகம். அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்று ஆராய்வோம்.

வாக்குப்பதிவு முதலில் ஏப்ரல் 18க்குக் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னர் வருமான வரித்துறையினர் நடத்திய சோதனையில் 11 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட ரொக்கம் பிடிபட்டது. தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று ஏப்ரல் 16ஆம் நாள் குடியரசுத் தலைவர் வேலூர்த் தேர்தலை ரத்துச் செய்தார். பண நடமாட்டத்தின் காரணமாக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது அதுவே முதன்முறை. ஆயினும் அதே தொகுதிக்குள் அடங்கிய ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல்கள் குறித்தபடி ஏப்ரல் 18இல் நடந்தேறின. சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியுடையவராகக் கருதப்பட்ட அதே வாக்காளர், அதே நாளில், நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க இயலாதவரானார்! அவ்விரு இடங்களையும் தி.மு.க. கைப்பற்றியது.

ஏப்ரலில் இவ்வட்டாரத்து மக்களின் மனத்தில் இருந்தவை பெரும்பாலும் தொழிலும் தண்ணீருமே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களின் வாழ்வு தோலோடு பிணைந்தது. தோல் மண்டிக்காரர், பதனிடும் தொழிற்சாலைக்காரர், காலணித் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்கள் என்று ஒருவர் கை ஓய்ந்தால் மற்றவர் கையும் ஓய்ந்துவிடும் தொழில் இது. 2016 நவம்பரில் வந்த பணமதிப்பு நீக்கம் வாரக்கூலியை ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய சிறு தொழிலகங்களை உலுக்கிற்று. மறு ஆண்டு சரக்கு சேவை வரி வந்தது. பாலாற்றங்கரை விவசாயிக்கோ, இதே தோல் தொழில்தான் கிணற்றைக் கெடுத்த பகை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாகவே ஆக்கிற்று. தொழிலாளியின் பிழைப்பும் விவசாயியின் கிணறும் எதிரெதிராக நிற்கும் ஒரு தொகுதியில் ‘மக்கள் கருத்து’ என்று ஒருமையில் பேசுவதே தவறென்பது நம் எண்ணம். இரு தொழிலும் செய்யும் குடும்பங்களில் அது வீட்டுக்குள்ளேயே இரண்டாகும்.

மே 23இல் முடிவுகள் வெளியாயின. தமிழகத்தில் தேர்தல் நடந்த 38 தொகுதிகளில் 37 தி.மு.க. அணிக்குச் சென்றன. டில்லியிலோ பாரதிய ஜனதா 303 இடங்களுடன் மீண்டும் அமர்ந்தது. ஆகவே ஆகஸ்டில் வேலூர் வாக்காளர் முன்நின்ற கேள்வி, ஆட்சி யாருக்கு என்பதன்று. அமைந்துவிட்ட ஆட்சியின் முன் நம் குரலாக யார் பேசுவார் என்பதே. தி.மு.க.வின் கதிர் ஆனந்தும், இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற புதிய நீதிக் கட்சித் தலைவர் ஏ.சி. சண்முகமும் நேருக்கு நேர் மோதினர். அ.ம.மு.க.வும் மக்கள் நீதி மய்யமும் ஒதுங்கிக்கொண்டன. சண்முகம் இத்தொகுதிக்குப் புதியவரல்லர். 1984இல் இங்கே வென்றவர், 2014இல் பா.ஜ.க. அணியில் நின்று இரண்டாமிடம் பெற்றவர்.

இந்நிலையில்தான் நாடாளுமன்றமே வேலூரின் தெருவுக்கு வந்தது. முத்தலாக் மசோதா ஜூலை 25இல் மக்களவையில் நிறைவேறியபோது, அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினர் அதனை ஆதரித்தார். ஐந்து நாட்கள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சியினர் எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தனர். இரு அவைகளில் இரு நிலைகள்! வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த ஆகஸ்டு 5 முற்பகலிலேயே காஷ்மீருக்கான 370ஆம் பிரிவின் சிறப்புரிமையை நீக்கும் தீர்மானம் மாநிலங்களவைக்கு வந்தது. வாணியம்பாடிப் பள்ளிவாசல் தெருக்களில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகஸ்டு 9இல் வாக்குகள் எண்ணப்பட்டன. முன்னிலை இங்குமங்குமாக மாறி மாறி வந்து, கதிர் ஆனந்த் 4,85,340 வாக்குகளும் சண்முகம் 4,77,199 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 8,141. எவரையும் தேர்ந்தெடுக்க விரும்பாமல் ‘நோட்டா’வை அழுத்தியவர்களே ஒன்பதாயிரத்துக்கு மேல்!

சட்டமன்றத் தொகுதிவாரியாகப் பார்த்தால் படம் தெளிவாகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் மூன்றும் ஒருபுறம். அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம் மூன்றும் மறுபுறம். வாணியம்பாடியின் முன்னிலையே வெற்றியைத் தாங்கிற்று என்பது மறுக்க முடியாதது. ஆனால் குடியாத்தம், ஏப்ரலில் தி.மு.க.வுக்கு வாக்களித்த அதே குடியாத்தம், ஆகஸ்டில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையே, உத்தர ரங்கநாதர் கோயிலால் பெயர்பெற்ற பள்ளிகொண்டா, அணைக்கட்டுத் தொகுதியோடு சேர்ந்தது. வெற்றி முழக்கம் எழுந்த ஊர்களுக்கு நடுவே இருந்தும், அதன் தொகுதி தோற்ற வேட்பாளருக்கே முன்னிலை தந்தது. மேற்கிலும் கிழக்கிலும் ஒரே சாலை, ஒரே ஆறு. கருத்து மட்டும் வேறு.

‘முஸ்லிம்கள் தீர்மானித்தார்கள்’ என்பது பாதி உண்மை என்று நாம் கொள்வது இதனால்தான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் முஸ்லிமல்லாத பல்லாயிரவர் அதே சின்னத்தை அழுத்தாமல் அந்த முன்னிலை வந்திருக்க இயலாது. எட்டாயிரம் வாக்குகளில் முடிந்த போட்டியில் எந்தச் சமூகத்தின் எட்டாயிரம் பேரும் ‘நாங்களே தீர்மானித்தோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

தொகுதியின் பழைய வரலாறும் இதையே காட்டுகிறது. 1962இல் காங்கிரஸின் அப்துல் வாஹித், 1980இலும் 1989இலும் முஸ்லிம் லீகின் தலைவர் ஆ.கா.அ. அப்துஸ் ஸமது, 1991இல் அக்பர் பாஷா, 2004இல் காதர் மொகிதீன், 2009இல் அப்துர் ரஹ்மான் ஆகியோர் இங்கிருந்து டில்லி சென்றனர். இடைப்பட்ட தேர்தல்களில் தி.மு.க., பா.ம.க., அ.தி.மு.க. உறுப்பினர்கள் வென்றனர். 2009இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வேறுபாட்டில் வென்ற அப்துர் ரஹ்மான், 2014இல் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றும் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். சமுதாயம் அதுவேதான், சூழலும் அணியும் மாறின.

வாக்களித்த பத்தாம் நாள், ஆகஸ்டு 15 அன்று, வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பள்ளிகொண்டா வேலூரில் நின்றது. 2024இல் அதே இருவரும் மீண்டும் மோதினர். சண்முகம் இம்முறை தாமரைச் சின்னத்தில் நின்றார், அ.தி.மு.க. தனி வேட்பாளரை நிறுத்தியது. கதிர் ஆனந்த் 2,15,702 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார்.