மூன்றாம் நாளுக்குப் பிறகு

ஞானப்பல் பிடுங்கிக்கொண்டு வந்தவரிடம் எல்லோரும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். "ரொம்ப வலிச்சுதா?" "ஐஸ்கிரீம் சாப்பிட்டியா?" ஒரு வாரம் கழித்து யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் சிலருக்குப் பிரச்சினை அதற்குப் பிறகுதான் வரும். வாயில் ஒரு கெட்ட ருசி தங்கிவிடும். எச்சில் விழுங்கினால் தொண்டையில் ஒரு பக்கம் குத்தும். வலி காது வரைக்கும் போகும். கண்ணாடி முன் நின்று போன் டார்ச்சை வாய்க்குள் அடித்துப் பார்த்தால் வெள்ளையாக ஏதோ தெரியும். இது ஆறிக்கொண்டிருக்கும் புண்ணா, கெட்டுக்கொண்டிருக்கும் புண்ணா?

இந்தக் கேள்விக்குப் பதில் சேர நூறு வருடம் பிடித்தது. 1836, 1896, 1936 ஆகிய மூன்று வருடங்களில் மூன்று பேர் அந்தப் பதிலின் ஒவ்வொரு துண்டை எழுதிவைத்தார்கள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மூவரும் விவரித்த நோய்களும் வேறு வேறு.

முதலாமவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக். வூர்ட்டம்பெர்க் அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவர். 1836-இல் அவர் ஒரு விசித்திரமான கழுத்து வீக்கத்தைப் பற்றி எழுதினார். தாடைக்குக் கீழே வீங்கும். தொட்டால் மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். நாக்குக்கு அடியிலும் அதே கெட்டி. ஆனால் தொண்டையைத் திறந்து பார்த்தால் அங்கே பெரிதாக அழற்சி எதுவும் இருக்காது. சில நாட்களில் நோயாளி இறந்துபோவார். அடுத்த வருடமே கேமரர் என்ற மருத்துவர் இதற்கு லுட்விக்கின் பெயரைச் சூட்டினார்: லுட்விக் ஆஞ்சைனா. ஆஞ்சைனா என்றதும் நமக்கு நெஞ்சுவலிதான் ஞாபகம் வரும். அந்தச் சொல்லின் பழைய பொருள் தொண்டை நெரிபடுவது. இந்த நோயில் அதுதான் அப்படியே நடக்கிறது. வீக்கம் நாக்கை மேலேயும் பின்னாலேயும் தள்ளி மூச்சுக்குழாயின் வாசலை அடைத்துவிடும்.

லுட்விக்குக்கு ஏன் இப்படி ஆகிறது என்று தெரியாது. கிருமிகளைப் பற்றி பாஸ்டரும் காக்கும் பேசத் தொடங்கியதே அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். பின்னால் வந்தவர்கள் மூலத்தைத் தேடிப் போனபோது பெரும்பாலும் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களில் போய் நின்றார்கள். காரணம் ரொம்ப எளிமையான ஓர் உடற்கூறு விஷயம். நம் வாயின் தரை ஒரு மெல்லிய தசைத் தகடு. கீழ்த்தாடையின் உட்பக்கத்தில் ஒரு கோடு போல அது ஒட்டியிருக்கிறது. முன்பற்களின் வேர் நுனி அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும். கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர் நுனி அதற்குக் கீழே இறங்கியிருக்கும். அங்கே உட்பக்க எலும்பும் மெலிது. ஆக, முன்பல்லில் சீழ் பிடித்தால் அது வாய்க்குள் வரும். ஞானப்பல்லில் பிடித்தால் கழுத்துக்குள் இறங்கலாம். பல் என்னவோ வாயில்தான் இருக்கிறது, அதன் வேர் கழுத்தின் கொல்லைப்புறத்தில் நிற்கிறது.

கழுத்துக்குள் இறங்கிய சீழ் எங்கே போகும் என்பதற்கான வரைபடம் 1938-இல்தான் தெளிவாக வந்தது. அமெரிக்காவில் குரோடின்ஸ்கி, ஹோலியோக் என்ற இருவர் கழுத்துக்குள் தசைப் படலங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை ஆராய்ந்து எண் போட்டுவைத்தார்கள். தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நான்காம் எண் இடைவெளி அங்கிருந்து நேராக மார்புக்குள் இறங்குகிறது. மருத்துவப் புத்தகங்களில் அதற்கு இன்றும் 'அபாய வெளி' என்றே பெயர்.

இதையெல்லாம் படித்துவிட்டு விழுங்கும்போது வலித்தாலே பயப்படக் கூடாது. தொண்டையைச் சுற்றியிருக்கும் தசையின் ஒரு முனை ஞானப்பல்லுக்கு நேர் பின்னால் இருக்கும் ஒரு நாரில்தான் கட்டப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் சுவரை இடித்தால் நம் வீட்டில் பாத்திரம் அதிரத்தானே செய்யும்? முதல் சில நாட்கள் தொண்டை வலிப்பதும், வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போவதும் சகஜம். அந்தக் குழியில் தெரியும் வெள்ளைப் படலமும் பெரும்பாலும் சீழ் இல்லை, புண் ஆறும்போது போர்த்திக்கொள்ளும் போர்வைதான்.

இரண்டாமவர் அமெரிக்கப் பல்மருத்துவர் ஜேம்ஸ் கிராஃபோர்ட். 1896-இல் 'டென்டல் காஸ்மோஸ்' இதழில் அவர் 'டிரை சாக்கெட்' என்ற பெயரை அச்சேற்றினார். பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்கும். அந்த மூடி கரைந்தோ கழன்றோ போனால் அடியில் இருக்கும் எலும்பு வெறுமனே திறந்து கிடக்கும். இதில் கவனிக்கவேண்டியது காலம். முதல் இரண்டு நாள் வலி குறைந்துகொண்டே வரும், "சரியாயிடுச்சு" என்று நினைப்போம். மூன்றாம் நாள் வாக்கில் வலி திரும்பி வரும், முன்னைவிடப் பலமாக, காதையும் சேர்த்துக்கொண்டு, கெட்ட வாடையோடு. ஆனால் இது கழுத்தில் இறங்கும் சீழ் அல்ல. பொதுவாக மாத்திரையாலும் தீராது. குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெயின் சாரம் கலந்த மருந்தை உள்ளே வைத்தால் வலி அடங்கும். உயிருக்கு ஆபத்து இல்லாத, ஆனால் உயிர் போகிற வலி.

மூன்றாமவருக்கு வருமுன் எதிர்த்திசையில் நடந்த ஒரு விபரீதத்தையும் சொல்லியாக வேண்டும். 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை ஆற்றினார். வாயில் ஒளிந்திருக்கும் கிருமிகளே உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்பது சாரம். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது, ஆனால் அது ஊதிப் பெருத்தது. மூட்டுவலியா, பல்லைப் பிடுங்கு. சோர்வா, பல்லைப் பிடுங்கு. நியூ ஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன் பைத்தியத்துக்கும் பல்தான் காரணம் என்று நம்பினார். நோயாளிகளின் பற்களையும் டான்சிலையும் எடுத்தார். அதற்கும் அடங்காவிட்டால் பெருங்குடலை வெட்டினார், அதில் பலர் செத்தார்கள். சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் அவர் விடவில்லை. 1938-இல் செசில், ஆன்ஜிவைன் என்ற இருவர் 200 முடக்குவாத நோயாளிகளை ஆராய்ந்து, பல்லையும் டான்சிலையும் எடுத்ததால் பயனில்லை என்று எழுதிய பிறகே இந்த மோகம் தணியத் தொடங்கியது. எல்லாவற்றையும் பல்லின் தலையில் கட்டுவதும் ஆபத்து என்று கற்றுக்கொள்ள அத்தனை வாய்கள் பொக்கையாக வேண்டியிருந்தது.

மூன்றாமவர் பாரிஸின் ஆந்த்ரே லெமியர். 1936-இல் 'லான்செட்' இதழில் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் 18 பேர் இறந்துபோனார்கள். அதுவரை ஆரோக்கியமாக இருந்த இளம் வயதினரைத்தான் இந்த நோய் அதிகம் தேடி வருகிறது. முதலில் சாதாரணத் தொண்டைவலி. அது தணிந்துகொண்டிருக்கும்போதே சில நாள் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கும். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியா தொண்டையைத் தாண்டிக் கழுத்தின் பெரிய ரத்தநாளத்துக்குள் புகுந்திருக்கும். அங்கே உறைந்த ரத்தம் துண்டு துண்டாகப் பிய்ந்து நுரையீரலுக்குப் போய்ச் சேரும். பெரும்பாலும் தொண்டையில்தான் ஆரம்பம், அபூர்வமாகப் பல்லிலிருந்தும் ஆரம்பிக்கலாம்.

லெமியர் எழுதிச் சில வருடங்களில் பென்சிலின் வந்தது. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அது ஏற்றப்பட்டது. முகமெல்லாம் சீழ் பிடித்திருந்தவர் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்தே பென்சிலினைப் பிரித்தெடுத்துத் திரும்ப ஏற்றியும் போதவில்லை. கிருமி மீண்டும் தலையெடுத்து மார்ச் மாதம் இறந்தார். மருந்து தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றுகொண்டிருந்த லுட்விக் ஆஞ்சைனாவில் இன்று இறப்பவர்கள் சிலரே. லெமியரின் நோய் ஏறத்தாழக் காணாமலே போய், 'மறக்கப்பட்ட நோய்' என்ற பட்டப்பெயர் வாங்கியது.

மறந்ததில்தான் சிக்கல். நோய் அபூர்வமானதே தவிர அழியவில்லை. 1990-களின் இறுதியிலிருந்து லெமியரின் நோய் மறுபடியும் மருத்துவ இதழ்களில் தலைகாட்டுகிறது. அபூர்வமான ஒன்றை அடையாளம் காண, அப்படி ஒன்று உண்டு என்று முதலில் யாருக்காவது ஞாபகம் இருக்க வேண்டும்.

சர்வர்களைக் கண்காணிக்கும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். 70 சதவீதம் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. 90-லிருந்து 70-க்கு இறங்கியதா, 50-லிருந்து ஏறியதா என்பதுதான் செய்தி. லுட்விக்கும் கிராஃபோர்டும் லெமியரும் மூன்று வெவ்வேறு நோய்களைப் பற்றி எழுதினாலும், சேர்த்துப் படித்தால் மூவரும் சொல்வது இதைத்தான். வலி எவ்வளவு என்பது இரண்டாம் பட்சம், எந்தப் பக்கம் போகிறது என்று பார். ஒரு வாரத்துக்கு மேல் நீண்டாலும் தினமும் கொஞ்சம் குறைகிற வலி ஆறுகிற வலி. குறைந்துவிட்டுத் திரும்புகிற வலிக்குப் பல்மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாடைக்கடியில் கெட்டியாக வீங்குவது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறுவது, மூச்சுத் திணறுவது, உடம்பு தூக்கிப்போடும் குளிர்காய்ச்சல், கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய், பல் பிடுங்கியதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். தொண்டையைப் பார்க்கும் மருத்துவருக்குப் பல்லின் கதை தானாகத் தெரியாது.

நம் வீட்டுப் பெரியவர்கள் யாரும் நோயாளியிடம், "பத்துக்கு எத்தனை மார்க் வலி?" என்று கேட்டதில்லை. "நேத்துக்கு இன்னிக்கு தேவலையா?" என்றுதான் கேட்பார்கள். ஞானப்பல் எடுத்த நண்பருக்கு ஐந்தாம் நாள் போன் செய்து கேட்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.