நாயக்கர் மகால் சுதைவேலை: எது அசல், எது பின்னால் பூசியது? 1858 போட்டோக்கள் சொல்வது என்ன?

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால் எல்லாரும் போனைத் தூக்குவது முற்றத்தில்தான். பெரிய பெரிய தூண்கள், மேலே வளைவுகள், வளைவு முழுக்கச் சுதைவேலை. அதில் எவ்வளவு 17ஆம் நூற்றாண்டுக் கொத்தர்களின் கைவேலை? எவ்வளவு பின்னால் பூசியது?

இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. கிழக்கிந்திய கம்பெனி ராணுவ அதிகாரியும் மதராஸ் அரசின் போட்டோகிராபருமான லின்னேயஸ் டிரைப், 1858-ல் இந்த மகாலைப் படம் எடுத்தார்.

அந்த வருஷம் ஏன் முக்கியம்?

மகால் கட்டப்பட்டது 1636 வாக்கில். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துவிட்டார்கள். மிச்சம் கால்வாசிதான் என்பார்கள். அதைப் பெரிய அளவில் பழுதுபார்த்தது நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த 1866-72 காலத்தில். டிரைப் வந்தது அதற்கு முன்னாடி!

சுதை என்றால் என்ன?

செங்கல் கட்டுமானத்தின் மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் கையாலும் கரண்டியாலும் உருவம் பிடிப்பது. மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பளபளப்பாகத் தேய்த்தார்கள். நம்ம விருத்தாசலம் பீங்கான் பொம்மை மாதிரி இதைச் சூளையில் சுடுவதில்லை. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்துத் தானாகவே இறுகும். ஆனா மழைத்தண்ணீர் தொடர்ந்து இறங்கினால் பெயர்ந்துவிடும். அப்போது கூடவே பூவும் யாளியும் போச்சு. மறுபடி செய்கிறவர் எதைப் பார்த்துச் செய்வார்? பழைய படம் அங்கேதான் உதவுகிறது.

படத்தை எவ்வளவு நம்பலாம்?

டிரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். வெளிச்சம் குறைந்த உள்மண்டபத்தில் கேமராவை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். நடமாடும் ஆள் மங்கிப் போவார். அசையாத தூணும் வளைவும் தெளிவாக விழும். உருவத்துக்கும் அளவுக்கும் நல்ல ஆதாரம்.

நிறத்துக்கு இல்லை. கறுப்பு வெள்ளை என்பதால் மட்டுமல்ல. அந்தக் கால ரசாயனம் நீல ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும். மஞ்சளும் சிவப்பும் கறுத்து விழும். மகாலின் பழைய வண்ணத்தை இந்தப் படத்தை வைத்து யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று, டிரைப் சில நெகட்டிவ்களில் வானத்தையும் மரங்களையும் கையாலேயே திருத்தியிருக்கிறார்.

1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று சொல்லி டிரைப்பின் வேலையை நிறுத்திவிட்டார். எடுத்தவரை எடுத்த ஆல்பங்கள் இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.