எயிட்ஸ் இயக்க வரலாறும் வாய்மொழிச் சான்றுகளும்

ஓர் அரசு தன் கொள்கையை மாற்றும்போது மாற்றம் நிகழ்ந்த திகதி ஏடுகளிற் பதிவாகின்றது. அம்மாற்றத்தை வற்புறுத்தியோரின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாவதில்லை. அமெரிக்க எயிட்ஸ் இயக்கத்தின் வரலாற்றைப் பேணும் முயற்சிகள் இக்குறையினின்றே தோன்றின எனலாம்.

இந்நோய் பற்றிய முதலறிக்கை 1981 யூன் மாதத்தில் வெளியாயிற்று. 1987 மார்ச்சில் நியூயோர்க் நகரில் ‘அக்ட் அப்’ என்னும் அமைப்பு உருவாகியது. நோயாளரும் அவர்தம் நண்பரும் ஒன்றுகூடிய இவ்வமைப்பினர், 1988 ஒக்டோபரில் உணவு மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தை முற்றுகையிட்டனர். மறு ஆண்டு செப்டெம்பரில் சிலர் நியூயோர்க் பங்குச் சந்தையினுட் புகுந்து ஏ.இசட்.ரி. மருந்தின் விலையைக் கண்டித்தனர். சில நாட்களுள் அவ்விலை நூற்றுக்கு 20 வீதம் குறைக்கப்பட்டது.

ஆயினும், 2001இல் இருபதாண்டு நிறைவையொட்டி ஒலிபரப்பான வானொலி நிகழ்ச்சியொன்று, தொடக்கத்தில் நோயாளரை வெறுத்த அமெரிக்கர் நாளடைவில் தாமாகவே மனம் மாறினர் என்ற தொனியிற் பேசியது. போராடியோர் அக்கதையில் இடம்பெறவில்லை. அதைக் கேட்ட எழுத்தாளர் சாரா ஷுல்மன், திரைப்படக் கலைஞர் ஜிம் ஹபார்டுடன் இணைந்து வாய்மொழி வரலாற்றுத் திட்டமொன்றைத் தொடங்கினார். 2002க்கும் 2015க்கும் இடையில் 187 பேர் செவ்வி காணப்பட்டனர்.

இச்செவ்விகளின் பயனை ஓர் உதாரணத்தால் உணரலாம். எயிட்ஸ் நோய்க்கு அரசு வகுத்த வரைவிலக்கணம் ஆண் நோயாளரிடம் காணப்பட்ட குறிகளையே பெரிதும் தழுவியிருந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அதில் அடங்கவில்லை. பெண்கள் பலர் நோயுற்றும் நோயாளராகக் கணிக்கப்படாது, இயலாமைக் கொடுப்பனவுகளை இழந்தனர். 1993 சனவரியில் வரைவிலக்கணம் விரிவாக்கப்பட்டது. அரசாங்க அறிக்கையை மட்டும் வாசிப்பவர் இதனை விஞ்ஞான வளர்ச்சியின் இயல்பான விளைவென்றே கொள்வர். அதற்கு முன்னர் நிகழ்ந்த வழக்கையும் ஆர்ப்பாட்டங்களையும் ஆண்டுக்கணக்கான வாதாட்டத்தையும் செவ்விகளே தொடர்புபடுத்திக் காட்டுகின்றன.

எனினும், செவ்வியை மட்டும் நம்புதல் தகாது. மறதியும் பிற்கால மனக்கசப்பும் ஒருபுறமிருக்க, உயிர்தப்பியோரே செவ்வி அளிக்க முடியும் என்பது அதன் பெருங்குறை. பயன்தரு கூட்டுமருந்துச் சிகிச்சை 1996 அளவிலேயே கிடைத்தது. அதற்குள் இயக்கத்தினர் பலர் மாண்டனர். பெட்போர்ட் ஹில்ஸ் பெண்கள் சிறையில் நோயுற்ற கைதிகளை ஒன்றுதிரட்டி, விடுதலையின் பின்னரும் மேற்கூறிய வரைவிலக்கணத்தை மாற்றப் போராடிய கற்ரீனா ஹஸ்லிப் என்ற கறுப்பினப் பெண்மணி 1992 டிசெம்பரில் இறந்தார். மாற்றம் நடைமுறைக்கு வரச் சில வாரங்களே இருந்தன. அவரைப் பற்றிப் பிறர் கூறுவனவே செவ்விகளிலுள்ளன.

ஆதலின், அக்காலத்திலேயே பிறந்த சான்றுகள் இன்றியமையாதன. அமைப்பின் கூட்டக்குறிப்புகளும் துண்டுப்பிரசுரங்களும் நியூயோர்க் பொதுநூலகத்திற் பேணப்படுகின்றன. ஆர்ப்பாட்டங்களை உறுப்பினரே படம்பிடித்த வீடியோ நாடாக்களும் அங்குள்ளன. காந்த நாடா தாளைப்போல் நீடித்திருப்பதன்று. உரிய காலத்தில் வேறு வடிவத்திற்கு மாற்றப்படாவிடின் அதிற் பதிந்த முகங்களும் குரல்களும் அழிந்துவிடும். ஹபார்ட் 2012இல் வெளியிட்ட ‘யுனைற்றட் இன் ஆங்கர்’ என்னும் விவரணப்படம் இவ்விருவகைச் சான்றுகளையும் ஒருங்கே கையாண்டது. உயிரோடிருப்போர் செவ்விகளில் நினைவுகூருமிடத்து, மறைந்தோர் அப்பழைய நாடாக்களிலே தம் வாயாலேயே பேசுகின்றனர்.